ஈக்வலைசரில் ஒரு பெண் குரல்

ஜூன் 9, திங்கள்

மழை. மதியமே இருட்டு. துவைத்த துணி இன்னும் காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை.

இவர் ஏர்போர்ட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கையில் பிளாஸ்டிக் சுற்றிய கறுப்புப் பெட்டி. ஈக்வலைசராம், சத்தத்தில் கனத்தையும் கீச்சையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்குமாம். பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம். வீட்டு ஓனர் விட்டுப்போன ஸ்டீரியோ ரிசீவர் மேல் இத்தனை நாள் பூச்சாடிதான் இருந்தது. இப்போது எதற்கு இது? பாட்டு கேட்கிற ஆளே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சிவப்பு ஒயர், வெள்ளை ஒயர். ரிசீவரின் டேப் அவுட்டிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து திரும்ப ரிசீவரின் டேப் இன்னுக்கு. செருகினார், பிடுங்கினார், மறுபடி செருகினார். பெட்டியின் முகத்தில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் வரிசையாக. எதைத் தள்ளினாலும் சத்தம் அப்படியே.

"ஏமாத்திட்டான் படுபாவி."

ரிசீவரில் டேப் மானிட்டர் என்று ஒரு பொத்தான், அமுக்காமல் இருந்தது. "அதை அமுக்கிப் பாருங்களேன்" என்றேன், அடுப்படியிலிருந்து. ஒரு தடவை இல்லை, பல தடவை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் தானே கண்டுபிடித்த மாதிரி அமுக்கினார். உடனே குமிழ்கள் வேலை செய்தன. முகமெல்லாம் சிரிப்பு. நான் சொன்னதற்கு ஒரு மதிப்பு கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் சொல்ல வேண்டும். தேங்காய், புளி தீர்ந்தது.

இன்றும் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். போனை ரிசீவரில் மாட்டி ஏதோ போடுகிறார், குமிழைத் தள்ளுகிறார். நான் ஹாலுக்குள் கால் வைத்தால் நிறுத்துகிறார். குளித்துவிட்டு வரும்போது ஹாலில் ஒரு பெண் பேசுகிற சத்தம். கீச்சென்று, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி. நான் வந்ததும் கப்சிப்.

"யாருங்க அது பேசுனது?"

என் முகத்தையே பார்த்துவிட்டு, "ரேடியோ" என்றார்.

இந்த வியட்நாமில் ஏது தமிழ் ரேடியோ? என் காதில் விழுந்தது தமிழ்தான்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. புழுக்கம். தூக்கம் போச்சு. மனசில் ஓடுவதை எழுதிவிடுகிறேன்:

- முன்பெல்லாம் மதியம் போன் பண்ணுவார். இப்போது மெசேஜ் மட்டும். ஏன் என்றால், "ஆபீஸ்ல சத்தம்."
- நான் பேசினால் பாதிக்குப் பதில் இல்லை. மீதிக்கு "சரி சரி".
- கட்டிலில் வலப்பக்கம் படுத்தவர் இடப்பக்கம் மாறிவிட்டார்.
- கார்கோ செக்‌ஷனில் லான் என்று ஒரு வியட்நாம் பெண். காலையில் இவர் பல் தேய்க்கும்போது போன் திரையில் அவள் மெசேஜ், இங்கிலீஷில்: யாரிடமும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

எதைச் சொல்லவில்லை? எதற்குப் பயம்?

காரைக்காலுக்குத் தங்கச்சிக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் மீன் விலை பேசிவிட்டு வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இங்கே நம் ஆட்கள் கட்டின பழைய கோயில். கூட்டம் இல்லை. வசந்தாக்கா வந்திருந்தார், தேவகோட்டைக்காரர், பென் தான் மார்க்கெட் பக்கம் துணிக்கடை. பிராகாரத்தில் உட்கார்ந்து கொட்டிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு தமிழா பேசுச்சு?"

"தமிழ்தான் அக்கா. லானுக்குத் தமிழ் வராதே."

"அப்ப இது வேற ஒருத்தியில்ல? சும்மா வுட்றாத ஆத்தா. திடுதிப்புனு போயி நில்லு."

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சே ஓம் என்கிற பைக் டாக்சிக்காரன் கொடுத்த ரெயின்கோட்டில் முழங்கால் மட்டும் நனைந்தது. எட்டு மணிக்கு வருவேன் என்று சொல்லிப் போயிருந்தேன். ஏழுக்கே வந்துவிட்டேன், வேண்டுமென்றே.

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அதே கீச்சுக் குரல்.

"வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. வாடுனதா இருந்தா வேணாம்."

என் புருஷனிடம் இன்னொருத்தி கொத்தமல்லி கேட்கிறாள்! அவ்வளவு தூரம் போய்விட்டதா? கதவில் காதை வைத்தேன். மறுபடி அதே குரல், அதே வார்த்தை. மறுபடியும். அப்புறம்தான் உறைத்தது. வாடுனது வேண்டாம் என்று போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது நான்.

கதவைத் திறந்தேன். தெரியவில்லை அவருக்கு. ஒரு காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். வலதுகைப் பக்கத்துக் குமிழ்கள், கீச்சுச் சத்தத்துக்கானவை, எல்லாம் உச்சியில். உதடு அசைந்தது. "வரும்போது... வாங்கிட்டு... வாடு..." நின்றுவிட்டது. திரும்பப் போட்டார்.

தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"ஆம்பளைங்க பேசுறது புரியுதுடி. ஒன் கொரல்தான் கிட்டத்துல வந்தாலும் சத்தமா மட்டும் கேக்குது, வார்த்தை நழுவிடுது. எந்தக் குமிழ்ல ஒன் பேச்சு இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

விமானத்தடியில் அந்த இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டதாம். லான்தான் ஆபீஸ் போனை இவருக்குப் பதில் எடுக்கிறாளாம். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் விசாவும் போய்விடும்.

அழுகை வந்தது. கோபமும். கட்டினவளிடம் மறைத்து அவளிடம் சொல்லியிருக்கிறார்.

ராத்திரி வேறொன்று அரித்தது. லான் விஷயத்தை மறைக்கக் கட்டின கதையோ, இந்தக் காது?

ஜூன் 14, சனி

வெயில். தோசை, தேங்காய்ச் சட்னி.

இவர் மேஜையில், முதுகு எனக்கு. நான் அடுப்படி வாசலில். சாதாரணக் குரலில் சொன்னேன்:

"லான் கூட எவ்வளவு நாளா?"

தோசையைப் பிய்த்தார்.

"நான் ஊருக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

சட்னியில் தொட்டார். தோளில் ஓர் அசைவு இல்லை. நடிக்கிற ஆளுடைய முதுகு அப்படி இருக்காது.  சொன்னதெல்லாம் அந்த அறையிலேயே கிடந்தது, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல்.

சுற்றிப் போய் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு லீவு போடுங்க. காது டாக்டர்கிட்ட போறோம்."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சா வேலை போயிடும்டி."

"போகட்டும்."

என்ன சொன்னே என்றார். மறுபடி சொன்னேன்.