முக்காலியின் மூன்றாவது கால்

லிப்டுகளை மேலே ஏற்றிக் கீழே இறக்கி மாடிவாசிகளைக் காக்கும் என் அருமை மருமகனுக்கு, மெத்தைக்கடைச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் குழந்தையும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆறு வருஷமாக ஒரு வரி எழுதாத மனுஷன் பேனாவைத் திறந்தால் பூமி அதிரும் என்றாள் உன் அத்தை. மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் வந்த காரியம். அடுத்த மாதம் இருபதாம் தேதி நம் முக்காலி இசைக்குழுவுக்குப் பத்து வயது. இவர்கள் பாட்டை வெளியிடும் கம்பெனிக்காரர் எட்டாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தைப் பிடித்திருக்கிறார். பழைய மூன்று பேரும் ஒரே ஒரு தடவை சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். பாட்டுக்கும் கிட்டாருக்கும் என் மகள், பேஸ் கிட்டாருக்கு அவள் புருஷன் கோட்டான், டிரம்ஸுக்கு நீ. கேட்டவுடனே நீ கையில் இருக்கும் திருப்புளியை என் தலையைக் குறி பார்த்து எறிவாய் என்று தெரியும். நல்லவேளை, நடுவில் நானூறு மைல் இருக்கிறது.

சரித்திரம் உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் என் பங்கை நானே சொன்னால்தான் எனக்குத் திருப்தி. என் மெத்தைக் கிடங்கு இல்லையென்றால் ராக் இசை என்ற ஒன்று இந்தப் பூமியிலேயே இருந்திருக்காது. நாலு சுவரிலும் மெத்தையைச் சாய்த்து வைத்து நீங்கள் மூன்று பேரும் அடித்த அடியில் ஒரு சத்தம் வெளியே போனதில்லை. உள்ளே இருந்த எலிகள் மட்டும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயின. பெயர் வைத்தவனும் நான்தான். நாலு கால் நாற்காலி ஆடும், மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்று அன்றைக்கு ஒரு பிரசங்கம் செய்தேனே, கோட்டான்கூட சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதோடு சரி. கல்யாணப் போட்டோவில்கூட அவன் பல் தெரியவில்லை.

முதல் கச்சேரிக்கு வந்தவர்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் மூன்று பேர் மிச்சம், மேடையில் மூன்று பேர், ஆளுக்கு ஒரு ரசிகன் என்று நான் கணக்குச் சொன்னேன். பிறகு நாலு வருஷம் மெத்தை வண்டியில் உங்களை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டாத சாலை கிடையாது. பகலில் டிரைவர், மேடை ஏறினால் சவுண்டு மேஜையில் நான். இரண்டு வேலைக்கும் எனக்கு லைசென்ஸ் இருந்ததில்லை.

இப்போதைய பெருமையைக் கேள். கிடங்கில் பதிவு செய்தோமே ஒரு பாட்டு, அதுதான் இவர்களைத் தூக்கி உச்சாணிக் கொம்பில் உட்கார வைத்தது. உன் டிரம்ஸை முழுக்க அழித்துவிட்டு வேறொருவனை வாசிக்க வைத்தார் கம்பெனிக்காரர். ஆனால் பாட்டு தொடங்கும் முன் நீ வாயால் எண்ணுவாயே, 'ஒன்னு, ரெண்டு, மூணு, போ' என்று, அது என் மகளின் மைக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைச் சுரண்டினால் அவள் மூச்சும் சேர்ந்து போய்விடும் என்று அப்படியே விட்டார்கள். இன்றைக்கு எந்த ஊரில் வாசித்தாலும் உன் குரலைத்தான் முதலில் போடுகிறார்கள். கூட்டம் மொத்தமும் உன்னோடு எண்ணி 'போ' என்று கத்தும்போது கூரைத் தகரம் எழுந்து உட்காருகிறது. அந்த நேரத்தில் நீ எங்கேயோ ஒரு லிப்டின் வயிற்றுக்குள் கிரீஸும் கையுமாக நிற்கிறாய் என்று நினைப்பேன். திறமை இல்லாதவனும் மேலே போகக்கூடிய ஒரே தொழில் லிப்டுதான் என்று ஒருமுறை நம் வீட்டுக் கூடத்தில் ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பத்திரிகைக்காரர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால் என் மகள் ஒரே பதில் வைத்திருக்கிறாள். பையன் நல்லவன்தான், தாளம் மட்டும் அவன் கையில் நிற்காது, நாய் துரத்துகிற மாதிரி ஓடுவான் என்பாள். அதற்கும் சிரிக்கிறார்கள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

உனக்குப் பிறகு மூன்று டிரம்ஸ்காரர்கள் வந்து போனார்கள். முதல் ஆள் ஆறு மாதத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். இரண்டாவது ஆள் பாட்டின் நடுவில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். மூன்றாவது ஆள் படித்தவன். எல்லோர் காதிலும் டிக் டிக் என்று தாளம் சொல்லும் கருவியை மாட்டிவிட்டான். இரண்டாவது பாட்டிலேயே என் மகள் அதைப் பிடுங்கிக் கூட்டத்தில் எறிந்தாள். போன மாதம் எட்டாயிரம் பேர் முன்னால் அந்தக் கிடங்குப் பாட்டு மூன்று தடவை உடைந்து நின்றது. அன்றைக்கு அவள் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பேரைச் சொல்லி, அவனோடு வாசித்தபோது மட்டும் நான் விழவே இல்லையே, ஏன் அப்பா என்று கேட்டாள். நான் வைப்பரைப் போட்டேன். மழை இல்லை.

பெட்ரோல் பங்க் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் எத்தனை பக்கம் ஓட்ட முடியும்? உன்னை விலக்குவது என்று முடிவாகி மூன்று நாள் ஆகியிருந்தது. நீ சொல்லு என்று மகள் கோட்டானைப் பார்த்தாள், அவன் என்னைப் பார்த்தான், நான் சாலையைப் பார்த்தேன். நட்ட நடுப் பகலில் பங்கில் வண்டி நின்றது. நீ கழிவறைக்குப் போனாய். போகும்போது எல்லோருக்கும் தண்ணீர் வாங்கி வரட்டுமா என்று கேட்டாய். உலகை வென்ற உன் மாமனாகிய நான் இறங்கி, உன் சிம்பல் தட்டுகள் இருந்த பையை இரண்டாம் நம்பர் பம்புப் பக்கத்தில் கீறல் விழாமல் மெதுவாக வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். நாலு தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீ வெளியே வந்தாய்.

நாலாம் நாள் உன் கார்டு வந்தது. மாமா, அவசரமாகக் கிளம்பிவிட்டீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருந்தாய். மூன்று பேரும் படித்தோம். மகள் அதைக் கிழிக்கச் சொன்னாள். நான் கிழிக்கவில்லை, கிடங்கில் ஒரு மெத்தை உறைக்குள் வைத்தேன். பிறகு அந்த மெத்தையை யாருக்கோ விற்றுவிட்டேன்.

இதை எல்லாம் நான் எழுதாமலே செத்திருப்பேன், மாப்பிள்ளை. போன வாரம் உன் அம்மா போன் செய்தாள். உன் குழந்தையின் பிறந்தநாளுக்கு எல்லோரும் கை தட்டிப் பாடியபோது நீ மட்டும் இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு, நான் தட்டினால் பாட்டு கெட்டுவிடும் அம்மா என்றாயாம். அக்கா அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எனக்கு அப்போது வாய் நிறைய ஜோக் இருந்தது. அதை விழுங்கிவிட்டுப் பேனாவைத் தேடினேன்.

ஆகையால் கேட்டுக்கொள். உங்கள் கடைசிக் கச்சேரியில் கம்பெனிக்காரர் சவுண்டு மேஜையில் என் பக்கத்தில்தான் நின்றார். மூன்று பேரில் யாரோ ஒருவர் தாளத்தை விட்டு முன்னால் ஓடுகிறார், அவரை மாற்றினால் மறுநாளே ஒப்பந்தம் என்றார். யார் என்று என்னைக் கேட்டார். அந்த மேஜையில் ஒவ்வொருவர் சத்தத்தையும் தனியாகக் கேட்கலாம். நான் ஹெட்போனை மாட்டி உன் டிரம்ஸை மட்டும் கேட்டேன். பிறகு என் மகளின் கிட்டாரை மட்டும் கேட்டேன். ஓடினது அவள். கயிறு அறுந்த கன்று மாதிரி ஓடினாள். நீ பின்னால் இழுத்துப் பிடித்தாய், பிடி தாங்காத இடத்தில் பாட்டு உடையாமல் இருக்க அவளோடு சேர்ந்து ஓடினாய், ஓடி மறுபடி இழுத்து நிறுத்தினாய். வெளியே நின்று கேட்கிறவனுக்கு டிரம்ஸ்தான் தறிகெட்டு ஓடுவது போலத் தோன்றும். எனக்கு அது இரண்டாம் வருஷமே தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி, டிரம்ஸ் என்றேன்.

பெற்ற பிள்ளை ஒரு பக்கம், கூடப் பிறந்தவள் பிள்ளை ஒரு பக்கம். யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இப்போது தெரிந்துகொண்டாய். தெரிந்த பிறகும் வா என்று கூப்பிடும் அளவுக்கு என் முகத்தோல் தடிமன், மெத்தைக்குப் போடலாம். இருபதாம் தேதி நீ இல்லாவிட்டால் அவள் அத்தனை பேர் முன்னாலும் விழுவாள். வந்து பழையபடி இழுத்துப் பிடி. இன்னொன்று, இந்தக் கடிதத்தில் இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். அன்றைக்கும் மேடையில் பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள், அவள் நாய் துரத்திய கதையைச் சொல்லுவாள். நீ பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டியிருக்கும். கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறேன். இதைவிடச் சின்னதாகக் கேட்க எனக்குப் பழக்கமில்லை.

வரவில்லை என்றால் பதில் போட வேண்டாம். அரங்கத்தில் உன் குரல் எண்ணும், கூட்டம் 'போ' என்று கத்தும், சவுண்டு மேஜையில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொள்கிறேன்.

வந்தாலும் வராவிட்டாலும் ஒரு காரியம் செய். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் உட்கார வை. அவள் கை தட்டினால் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து நீயும் கூடவே தட்டு. கெடாது, மாப்பிள்ளை. ஒரு நாளும் கெட்டதில்லை.

இப்படிக்கு,
கண்ணாடியில் உன்னைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாத
உன் மாமன்