செத்த பிறகு நீ அடித்த இரண்டு கோல்

என் தினா மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் நீ இரண்டு கோல் அடித்தாய். மைக்கில் சொன்னார்கள். "கோல்! கோல்! பதினோராம் நம்பர், நம்ம ஊரு சிங்கக்குட்டி தினகரன்!" மைதானமே எழுந்து நின்று கத்தியது. உனக்கு இன்னும் வருஷத் திதி கூட வரவில்லை.

அந்த முதல் கோலுக்குப் பந்து கொடுத்தவன் நான். இடது ஓரத்திலிருந்து தூக்கிப் போட்டேன். மெட்ராஸ் பையன் ஸ்டீபன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தேன். அப்போதுதான் உன் பெயர் காதில் விழுந்தது. யாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை.

இந்த டோர்னமெண்டின் விதி உனக்குத் தெரியும். ஆடும் ஏழு பேரில் வெளியூர்க்காரர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. மற்றவர்களிடம் கமிட்டி கொடுத்த உள்ளூர் கார்டு இருக்க வேண்டும். நம் டீம் பிரசிடென்ட், அந்தச் சேலைக் கடைக்காரர், இந்த வருஷம் வெளியூரிலிருந்து நான்கு பேரை விலைக்கு இறக்கினார். நான்காவது ஆளுக்கு ஓர் உள்ளூர்ப் பெயர் தேவைப்பட்டது. உன் கார்டு சும்மாதானே கிடந்தது? ஸ்டீபனை அதில் இறக்கினார்கள். அதில் உன் போட்டோ இருக்கிறது என்பாய். யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? நம் தெருக்காரர்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் கை தட்டினார்கள்.

ஊர் நிலைமை சொல்கிறேன், கேள். நூல் விலை ஏறிவிட்டது, சேலை நகரவில்லை. தெருவில் பாதித் தறி சும்மா நிற்கிறது. நம் டீம் பசங்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் செய்யார் கம்பெனி ஷிப்டுக்கும் போய்விட்டார்கள். நெய்வதற்குப் பாவு கேட்டு என் அப்பா பிரசிடென்ட் கடைக்குப் போனால், "மார்க்கெட் டல்லா கீது, கூலிய கொறச்சிக்கினா தரேன்" என்றார். அப்பா குறைத்துக்கொண்டார். அதே கடையில், அதே மாசம், நான்கு ஆட்டக்காரர்களுக்கு அட்வான்ஸ் போனது. அப்பாவின் கூலியில் பிடித்த காசில் வந்த பையன் கோல் அடிக்கிறான். அப்பா எழுந்து நின்று விசில் அடிக்கிறார். இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

இந்தக் காசைப் பற்றிப் பிரசிடென்டிடமே கேட்டேன். கோபப்படவில்லை அவர். எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டுப் பேசினார்.

"ஏம்பா, யாவாரம் படுத்துக்கினா போர்ட சின்னதாவா வெப்பாங்க? அப்பதான் பெருசா வெக்கணும். ஜெர்சி முதுகுல இன்னா கீது? என் கடைப் பேரு. கப்பு வாங்கினாதான் அது பேப்பர்ல வரும். இன்னொண்ணு, ஆளுங்க இப்பதான் சீப்பா கெடைக்கறானுங்க. மெட்ராஸ்ல வேலை போயி எல்லாம் சும்மா குந்திகினு கீறானுங்க."

"பெஞ்ச்ல நம்ம தெருப் பசங்க குந்திகினு கீறாங்களே, அவங்கள எறக்கலாமேங்க?"

"எறக்கலாம். தோக்கலாம்."

பசியாக இருப்பவனைப் பார்த்து விலை பேசுவதுதான் அவர் தொழில். தறிக்காரனிடமும் அதுதான், ஸ்ட்ரைக்கரிடமும் அதுதான்.

ஆனால் அவரைக் கொண்டுவந்தது நீ, தினா. நீ, நான், மணி, மூன்று பேரும் தெருவில் வசூல் பண்ணி ஆரம்பித்த டீம் இது. "ஷூ இல்லாம எத்தினி நாளுதான் ஆடறது மச்சான்? அவரு இன்னா, நம்ம காலையா வெட்டி எடுத்துகினு போயிடப் போறாரு?" என்று சிரித்தாய். வேண்டாம் என்றேன். நீ கேட்கவில்லை. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். பதில் சொல்ல வரமாட்டாய் என்பதற்காக உன்னை விட்டுவிட முடியுமா?

அரையிறுதி முடிந்ததும் மணியைக் கோல் போஸ்டுக்குப் பின்னால் பிடித்தேன். பெயர்ப் பட்டியல் கொடுத்தது அவன். உன் பாடைக்குத் தோள் கொடுத்தவனும் அவன்.

"டேய் முரளி, பேஜார் பண்ணாத. நீ மட்டுந்தான் அவனுக்கு ஃபிரண்டா? அவன் பேரு மைக்ல வந்துச்சே, உனக்கு சந்தோசமா இல்ல?"

"அவன் செத்துட்டான்டா."

"நான் இன்னும் சாவல. கப்பு வந்தா அவரு கடையில வேலை போட்டுத் தரேன்னுகீறாரு. எங்கூட்டுத் தறி நின்னு போச்சு. நீ வந்து சோறு போடுவியா?"

அவனை அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. ஆனாலும் மன்னிக்கவில்லை, மச்சான். விற்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை என்பது நிஜம். அதற்காக உன்னையா விற்பான்?

கிளம்பும்போது ஸ்டீபன் ஷூ கழற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, மைக்ல தினகரன் தினகரன்னு கத்திகினே இருந்தாங்களே, யார்ணா அது? பெஞ்ச்ல கீறாரா?" சொன்னேன். சட்டென்று ஜெர்சியைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தான். "சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா." வெறும் உடம்போடு ஷூவைப் பையில் திணித்துக்கொண்டே, "ஆனா பைனல் ஆடலன்னா கைக்கு ஒண்ணும் வராதுண்ணா" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். மணி உன் கார்டைத் திருடிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தையிடம் சொல்லிக் கத்தித் தீர்க்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"திருடல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார் உன் அம்மா.

"இன்னாத்த சொல்றீங்க அத்தை?"

"அது அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னா பைத்தியமா? அவன குளிப்பாட்டி அனுப்பினவடா நான். ரெண்டு கோலுன்னு மைக்ல சொன்னாங்க. எங்கூட்டு வாசல் வரைக்கும் கேட்டுச்சு. பைனலுக்கு நேராவே வந்து குந்திகினு கேக்கப் போறேன். நீ கம்முனு இரு."

மணியைத் திட்டலாம். பிரசிடென்ட் முகத்தில் டீயை ஊற்றலாம். அத்தையை நான் என்ன செய்வேன், தினா? நீயே சொல்.

கம்மென்று இருந்துதான் பார்த்தேன். பிராக்டிஸுக்குப் போனபோது பெஞ்சில் நம் பசங்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நெசவு இல்லை, படிப்பு இல்லை, இது ஒன்றாவது இருக்கட்டும் என்று தினமும் வருகிறார்கள். உன் பெயர் பட்டியலில் இருக்கும்வரை அவர்களில் ஒருவனுக்கு இடம் இல்லை. செத்தவனை ஆடவிட்டு, உயிரோடு இருப்பவனை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கு உன் பெயரா? அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

கமிட்டிக்குப் போனேன். "எழுத்துல குடுப்பா, பாக்கலாம்" என்றார்கள். பேப்பர் வாங்கி உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதியதும் கை ஓடவில்லை. அதை அடித்துவிட்டு உனக்கு எழுதத் தொடங்கினேன். இதையேதான் அவர்களிடம் கொடுக்கப் போகிறேன். தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவேன். எல்லாரும் படிக்கட்டும்.

என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கொடுக்கிறேன். நம் டீமைத் தூக்கிவிடுவார்கள். ஸ்டீபன் வெறுங்கையோடு பஸ் ஏறுவான். மணிக்கு அந்த வேலை கிடைக்காது. அப்பாவுக்கு இனிமேல் பாவு வராது, அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அத்தையிடம் மட்டும் முதலில் சொல்ல வேண்டும் என்று இன்று காலையில் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை முறம் நிற்கவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார். "அப்ப இனிமே அவனக் கூப்பிடவே மாட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். உன் பெயரைப் போட்டுக்கொண்டு இனி ஒருத்தனும் ஆட மாட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, நம் டீம் இல்லாவிட்டாலும், பைனல் பார்க்க ஊரே மைதானத்தில் இருக்கும். நான் போக மாட்டேன். உன் வீட்டுக்குப் போவேன். அத்தை திட்டினால் கேட்டுக்கொள்வேன், பேசாவிட்டாலும் இருப்பேன். கதவே திறக்காவிட்டால், ஆட்டம் முடிந்து தெருக்காரர்கள் திரும்பும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

உன் மச்சான்,
முரளி