பாயிண்ட் பார்க்காத லோடு

எடப்பாடி,
20.1.2026

அன்புள்ள தம்பி அருணகிரிக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. காகிதத்துக்காவது பதில் வரட்டும் என்று எழுதுகிறேன். அன்புச்செல்விக்குத் தை கடைசி ஞாயிறு காதுகுத்து. மாமன் மடியில் உட்காரப் புதுப் பாவாடையை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு திரிகிறாள்.

அதற்குள் மரவள்ளியைப் பிடுங்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும்வரை பயமில்லை. பிடுங்கிவிட்டால் இரண்டே நாளில் கறுத்துவிடும், சேகோ ஆலை வைத்து ஜவ்வரிசி ஆக்கும் உனக்குத் தெரியாததா? புது வர்த்தக ஒப்பந்தத்தால் வெளிநாட்டு மரவள்ளி மாவு வரியில்லாமல் இறங்குகிறதாம், ஆலைகள் கிழங்கு வாங்குவதில்லையாம். உன் மாமாவுக்குத் தூக்கமே இல்லை. நீ கிழங்கை வாங்கிக்கொள்வாய் என்றால்தான் பிடுங்குவோம். ஒரு வார்த்தை சொல், சாமி.

உன் அக்கா
சௌந்திரம்

சேலம்,
24.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தை எதிர்த்து ஆலைக்காரர்கள் சங்கக் கூட்டம், மனு என்று அலைகிறேன். நேற்று மேடையில், "வெளிநாட்டு மாவு என் கேட்டைத் தாண்டாதுங்க!" என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

மாமாவைத் தைரியமாகப் பிடுங்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் லோடுக்குத்தான் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் பார்ப்போம். அக்கா வீட்டு லோடுக்கு என்றைக்குப் பார்த்திருக்கிறேன்? பாப்பாவுக்குத் தோடு எடுத்தாயிற்று.

அன்புத் தம்பி
அருணகிரி

எடப்பாடி,
9.2.2026

அருணகிரிக்கு,

உன் கேட்டில் மாமா இரண்டு பகலும் லாரியோடு நின்றார். உன் மேனேஜர் எங்கள் கிழங்குக்குப் பாயிண்ட் பார்த்தாராம். "சத்து இல்லீங்க, திருப்பிக்குங்க" என்றாராம். "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்று மாமா கெஞ்சியிருக்கிறார். நீ மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அதே கேட்டில் வெளிநாட்டு எழுத்துப் போட்ட மாவு மூட்டைகள் லாரி லாரியாக உள்ளே போனதையும் அவர் பார்த்தார்.

உனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தால் நாங்கள் பிடுங்கியே இருக்க மாட்டோம். எல்லோரையும் போல நீயும் பிழைக்க வேண்டும், அது எனக்குப் புரியாதா? என் மண்ணில் சத்தில்லை என்று சொல்ல வைத்தாயே, அதுதான் ஆறவில்லை. கறுத்த கிழங்கை ஓடையில் கொட்டினோம். மாமா பள்ளிபாளையத்துக்குத் தறி வேலைக்குப் போய்விட்டார். காதுகுத்துக்குக்கூட அவர் வரவில்லை.

நேற்று நீ டிரைவரிடம் கொடுத்தனுப்பிய தோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். காது குத்த வந்த ஆசாரி, "மாமன் எங்கீங்க?" என்று கேட்டார். "இருக்கறாருங்க, கேட்டுக்கு உள்ளே இருக்கறாரு" என்றேன்.

பாப்பா என் மடியில் உட்கார்ந்துதான் குத்திக்கொண்டாள். இனி எந்தச் சீருக்கும் நீ வர வேண்டாம்.

சௌந்திரம்