அரசலாற்றுத் தண்ணீரில் வேளா மீன் இல்லை, வாப்பா

அன்பு வாப்பாவுக்கு, வீட்டில் எல்லோர் ஸலாமும் சேர்த்து நஸீமா எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்போதெல்லாம் "வந்துடுச்சாம்மா?" என்று கேட்டீர்களே, அந்த முடிவு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இல்லை வாப்பா. அரசலாறு கடலில் சேரும் இடத்தில் நாம் எடுத்த எந்தத் தண்ணீரிலும் வேளா மீனின் தடயம் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கூடத்துச் சுவரில் ஒரு வேளாக் கொம்பு தொங்குகிறது. இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம்போல நீண்டிருக்கும் அந்த மீனின் மூக்கு அது. உங்கள் வாப்பா கடலுக்குப் போய்வந்த காலத்தில் அவர் வலையில் சிக்கியது. அந்த மீனை நீங்கள் நம் கடலில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. துபாயில் கடை வேலையில் இருந்தபோது, லீவு நாளில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில்தான் உயிரோடு பார்த்தீர்கள். "நம்ம வூட்டு மீன் இங்க வந்து கெடக்குதும்மா" என்று போனில் சொன்னீர்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் அங்கேதான் போனீர்கள். நான் விலங்கியல் படித்ததற்கு அந்தப் போன் பேச்சைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஊரோடு வந்து சேர்ந்தபோது நான் ஆராய்ச்சி மாணவி. மீன் நீந்திப் போன தண்ணீரில் அதன் சளியும் உதிர்ந்த தோலும் கொஞ்ச காலம் கலந்திருக்கும், அதிலுள்ள மரபணுவைப் படித்தால் மீனைப் பார்க்காமலே அது வந்து போனதைச் சொல்லலாம் என்று நான் விளக்கினேன். அன்றிலிருந்து உங்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காரைக்கால்மேட்டுச் செல்வத்தின் படகில், ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நீங்களும் கிளம்பிவிட்டீர்கள்.

"எங்க அப்பா வலைய அது கிழிச்சிருக்குன்னு சொல்லுவாரு பாய். நான் கண்ணால பாத்ததில்ல" என்றார் செல்வம்.

"பாக்க வேணாம். தண்ணி சொல்லிடும்" என்றீர்கள்.

முதல் சோதனையில் தண்ணீர் என்ன சொன்னது? ஜிலேபிக் கெண்டை, கோழி, ஆடு, மனிதர்கள். "கறிக்கடைக் கழுவுதண்ணி பூரா ஆத்துலதானே வுழுவுது" என்று சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கொம்பில் துளை போட வேண்டும் என்று நான் கேட்டபோது உம்மா சம்மதிக்கவில்லை. "பெரியவங்க மாட்டுனதுல ஓட்டை போடுவியா?" என்றார்கள். நீங்கள்தான் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினீர்கள். தூள் பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்தத் தூளை வைத்துத்தான் எங்கள் சோதனையே சரியா என்று பார்த்தோம். தூளில் வேளா பளிச்சென்று தெரிந்தது. தண்ணீரில் தெரியவில்லை. மழைக்காலத் தண்ணீரிலும் இல்லை, கோடைத் தண்ணீரிலும் இல்லை. தடயம் கிடைக்காததாலேயே மீன் இல்லை என்று அடித்துச் சொல்லக் கூடாது என்கிறார் எங்கள் பேராசிரியர். உண்மைதான். ஆனால் அது இன்னும் இங்கே இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை வாப்பா.

கொம்பு இன்னொன்றும் சொன்னது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் மரபணு ஒன்று உண்டு. நம் கொம்பில் இருக்கிற தாய்வழி, மற்றக் கடல்களில் உயிரோடிருக்கும் வேளாக்களிடம் கிடைத்தவற்றில் எதோடும் பொருந்தவில்லை. உம்மாவிடம் சொன்னேன்.

"வேற கடல்ல இருக்குதானே? அதுங்க இங்க வராதா?" என்று கேட்டார்கள்.

பெண் வேளா தான் பிறந்த தண்ணீரைத் தேடிப் போய்த்தான் குட்டி போடும் என்று இந்த மரபணுக்கள் காட்டுகின்றன. ஆண் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். தாய் இல்லாத கழிமுகத்துக்கு வேறு தாய் எளிதில் வந்துவிடாது. அது வளர்ந்து ஆளாக வருஷங்கள் ஆகும், போடுவதும் சில குட்டிகள்தான். நைலான் வலையில் பல் மாட்டிக்கொண்டால் தப்ப அதற்குத் தெரியாது. யுகம் யுகமாக உருவான அந்த மூக்கே அதற்கு எமனாகிவிட்டது.

உம்மா சுவரில் தொங்கிய கொம்பை ஏறிட்டுப் பார்த்தார்கள். பிறகு, "அவங்களுக்குத் தெரியாமப் போனதே நல்லது" என்றார்கள். நல்லதுதானா? நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்களா, இன்னொரு தடவை தண்ணீர் எடுக்கச் சொல்லியிருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை.

செல்வத்திடமும் போய்ச் சொன்னேன். ஏலம் முடிந்து வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"இல்லன்னு எழுதப் போறீங்களா?"

"கெடைக்கலன்னு எழுதுவேன்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. அதுக்கப்பறம் யாரு தேடப் போறா?"

அவர் காலடியில் உழுவை மீன் குஞ்சுகள் குவிந்து கிடந்தன. வேளாவைச் சுறா என்றுதானே நாம் நினைத்திருந்தோம். மரபணுப்படி அது திருக்கை இனம், இந்த உழுவைதான் அதற்கு நெருங்கிய சொந்தம். கருவாட்டுக்குப் போகிற குவியல் அது. மரபணு பார்ப்பதற்காக, குனிந்து ஒவ்வொன்றாகத் துடுப்பு நுனியை வெட்டிக் குப்பியில் போட ஆரம்பித்தேன். செல்வம் வாளியை என் பக்கம் தள்ளி வைத்தார். தாய் உழுவை ஒன்றுகூட அதில் இல்லை.

உங்களுக்கு நல்ல செய்தியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை வாப்பா. வேளாவைத் தேடி நாம் புறப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. உழுவை இன்னும் முடியவில்லை. அதன் தாய்கள் எந்த ஆற்றுமுகத்தில் குட்டி போடுகின்றன என்று கண்டுபிடிப்பேன், அங்கே வலை போடாதீர்கள் என்று படகுப் படகாகப் போய்க் கேட்பேன். கேட்பார்கள் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. கேட்பதை நிறுத்த மாட்டேன், அது மட்டும் வாக்கு.

நீங்கள் உறங்கும் கபுறுக்கு வெளிச்சம் கேட்டு துஆ செய்யும்
மூத்த மகள்
நஸீமா,
திருமலைராயன்பட்டினம்