பாட்டில் அடியில் நின்ற தண்ணி

வெள்ளி ராத்திரி, கிள்ளான்

படுத்தும் தூக்கம் வரல. அக்கா வீட்டு மச்சானோட படகு எஞ்சின்ல இன்னைக்கு ஆயில், கடையில ஆத்திக் குடுக்கிற தே தாரிக் பால் டீ நிறத்துல வந்துச்சு. உள்ள தண்ணி இறங்கியிருக்கு, எஞ்சினைப் பிரிச்சுப் பார்க்கணும்னு சொன்னேன். மச்சான் சிரிச்சார்.

"ஆயுத பூஜைக்கு பைப் போட்டு எஞ்சினைக் கழுவினேன் லா. அதுக்கு முன்னாடி ஆயில் மூடியக் கழட்டித் தொடச்சு பொட்டு வெச்சிட்டு, திரும்ப மாட்ட மறந்துட்டேன். அந்தத் தண்ணிதான்."

நியாயமா பட்டுச்சு. ஆயில் மாத்தி கொஞ்ச நேரம் ஓட விட்டோம். சுத்தமா இருந்துச்சு. "தாராளமா போங்க மச்சான்"னு நான்தான் சொன்னேன். விடியக்காலையில தூண்டில் போடுற ஆளுங்களை ஏத்திக்கிட்டு கடலுக்குப் போறார்.

பழைய ஆயில்ல கொஞ்சம் பாட்டில்ல பிடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்தேன். இப்ப பார்த்தா தண்ணி பிரிஞ்சு அடியில நிக்குது. பாட்டில் அடியில ஊசியால குத்தி ஒரு சொட்டை நாக்குல வெச்சேன்.

உப்பு கரிக்குது.

பைப் தண்ணி கரிக்காது. கடல் தண்ணி எங்கிருந்தோ உள்ள வருது.

மச்சான் போன் எடுக்கல, அக்காவும் எடுக்கல. நான் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கேன். படகு நிக்கிற ஜெட்டிக்குப் போகணும். வண்டிச் சாவிய எங்க வெச்சேன்