அவர் பெயர் அச்சடித்த உறை

ஸ்காபரோ,
செப்டெம்பர் 8

அன்புள்ள தம்பி சீமோனுக்கு,

பாரிஸில் நீயும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். எங்கள் போன்களைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. புதிதாய் வாங்கியதில் இதைச் சொல்லப் பயம்.

அத்தான் பிணையில் வீட்டில் இருக்கிறார். ஜூரியில் இருந்த ஒருத்திக்குக் காசு கொடுத்து வழக்கை வென்றார் என்று குற்றம். இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்காகக் கோர்ட்டில் லோயராய் நின்ற மனுஷன், தபால்காரன் வந்தாலும் அறைக்குள் போய்விடுகிறார். வெக்ஸ்போர்ட் தமிழ்க் கடையில் அவர் படம் போட்ட காலண்டரைக் கழற்றிவிட்டார்கள். கடைக்கார அண்ணை என் முகத்தைப் பாராமல், "ஆணி இளகிப் போச்சுது அக்கா" என்றார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

சீமோன், அந்தக் காசை வைத்தது நான்.

டோர்செட் பார்க்கில் எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த பேபியை உனக்குத் தெரியும். எங்கள் சுபாங்கி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு உறைக்குள் ஐந்நூறு டொலர் வைத்தவள். போன சித்திரையில் தன் மகளின் சாமத்திய வீட்டுக்குச் சொல்ல வந்தவள், "உங்கட அவற்ற வழக்கிலதான் அக்கா நான் ஜூரி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று குசுகுசுத்தாள். விடியப் போய் இரவில் வருகிற அத்தானுக்கு அவள் முகம் தெரியாது. அவர் எந்தக் கொண்டாட்டத்தில் சனத்தோடு நின்று கதைத்தவர்? நானும் அவருக்குச் சொல்லவில்லை.

வைத்ததைத் திருப்பி வைக்காவிட்டால் சனத்துக்கு முன்னால் எப்படி முழிப்பது? நல்ல உறை அகப்படவில்லை. அவரின் மேசையில் கிடந்த, ஒபிஸுக்கென்று அவர் பெயர் அச்சடித்த உறையை எடுத்தேன். வழக்கம்போல "அன்புராசா குடும்பம்" என்று எழுதி, மண்டபத்தில் உறை போட வைத்த பெட்டிக்குள் போட்டேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டேன்.

வழக்கு வென்றது. பேபி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், கூட இருந்த ஜூரிக்காரன் ஒருவனிடம் அத்தான் தங்கள் ஆள் என்று பெருமையடித்திருக்கிறாள். அவன் கோர்ட்டுக்கு அறிவித்தான். பொலிஸ் அவளின் அலுமாரியில் உறையை எடுத்து, பெயரைப் பார்த்து அத்தானைப் பிடித்தது.

பிணையில் வந்த அன்றே அவரிடம் எல்லாம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "நீர் வாய் திறக்கப்படாது மக்டலீன். நான் குடுத்ததாவே இருக்கட்டும்" என்றார். ஒக்டோபர் ஆறாம் திகதி குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார்.

ஐந்நூறு வைத்தவளுக்கு அறுநூறு போதும். நான் இரண்டாயிரம் வைத்தேன். அந்தக் கிழமை அவர் தோற்றுவிடுவேன் என்று சோறு தண்ணி இல்லாமல் திரிந்தார். முறைக்குத்தான் வைத்தேன் என்று பாதரிடமும் சொன்னேன். ஏன் கூட வைத்தாய் என்று நீ கேட்டால், ஐயோ, எனக்குத் தெரியாது. இல்லை, பொய் சொல்கிறேன். தெரியும்.

ஒக்டோபர் ஐந்துக்கு முதல் எப்படியாவது வந்துவிடு ராசா. அன்று காலை உள்ளதைச் சொல்ல நான் ஓரிடம் போக வேண்டும். திரும்பி வர நாள் எடுக்கலாம். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு முதல் அங்கே போய் நிற்பார். அவரை வெளியே விடாதே. சீனி வருத்தத்துக்குக் குளிசை காலையில் இரண்டு, எடுத்துக் கொடுத்தால்தான் போடுவார். சுபாங்கி விட்பியிலிருந்து வேலைக்கு ஓடுகிறவள், அவளால் ஏலாது.

மாதா உங்களைக் காப்பாளாக. என்னைத் திட்ட உனக்கு உரிமை உண்டு, திட்டு. அவருக்கு முன்னால் மட்டும் திட்டாதே. அவர் தாங்கமாட்டார்.

உன் அக்கா
மக்டலீன்