கோணல் தெருவுக்கு ஒரு நேர்க்கோடு

ஜூன் 3, செவ்வாய்

பல் டாக்டரின் இடுப்பு மறுபடியும் ஒரு சுற்று பெருத்துவிட்டது. ஊர் வாயையெல்லாம் திறந்து பார்த்து "இனிப்பைக் குறைங்க" என்று சொல்கிற மனிதர். "உங்க டேப்பு சுருங்கிடுச்சோ?" என்று என்னையே கேட்டார். "ஆமா டாக்டர், உங்களைச் சுத்தி வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்குது" என்றேன். சிரித்தார். பொத்தான் தாங்கியது. நல்ல தையல்.

தையற்காரியாக இருப்பதில் இதுதான் சுகம். தெருவில் யார் எவ்வளவு என்பது எனக்கு அத்துப்படி. என் இடுப்பை மட்டும் நான் அளப்பதில்லை. தொழில் தர்மம்.

சாயங்காலம் தம்பி மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஐந்தாம் வகுப்பு. வாய் ஓயாததால் நான் அவளுக்கு வைத்த பெயர் சில்வண்டு. பள்ளியில் அடுத்த வாரம் 'பகிர்வு நாள்' வருகிறதாம். பூகோளத்திலும் கணக்கிலும் கற்றதை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பெரியவர் அன்றைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம்.

"நீ யாரைப் பிடிச்சிருக்க?"

"உங்களைத்தான் அத்தை. அப்பான்னா தூங்கிடுவாரு."

அது உண்மை. தம்பி பஸ் ஓட்டுகிறவன். ஸ்டியரிங் முன்னால் மட்டும் விழித்திருக்கிறான் என்று நாங்கள் நம்பி வருகிறோம்.

ஜூன் 5, வியாழன்

முதல் பாடம். கண்ணாடி மாதிரி நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். ரப்பர் குழாய் போல வளைகிறது, உள்ளே இருப்பது தெரிகிறது. அதில் மை கலந்த தண்ணீர். ஒரு முனையை என் கையில் கொடுத்து, "ஆடாம பிடிங்க" என்று அதட்டிவிட்டு, மறுமுனையோடு வாசலுக்குப் போய்விட்டாள். நடுவில் குழாய் மெஷினுக்கு அடியில் புகுந்து, துணி மூட்டை மேல் ஏறி, வாசற்படியில் குப்புற விழுந்து கிடக்கிறது.

"இப்ப பாருங்க! உங்க தண்ணி எந்த உயரத்துல இருக்கோ, என் தண்ணியும் அதே உயரம்!"

நம்பவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன் — நான் எழுந்ததும் என் முனை ஏறி, அவள் முனையில் தண்ணீர் கொட்டி, திட்டு வாங்கினேன். மறுபடி உட்கார்ந்தோம். கடைசியில் மெஷின் மேசை விளிம்பை ஒட்டி என் முனையைக் கட்டி வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அவள் சொன்னது சரி. வாசல் தூணில் அவள் வைத்த குறியும் மேசை விளிம்பும் ஒரே மட்டம்.

இந்த முனைத் தண்ணீருக்கு அந்த முனைத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? நடுவில் அத்தனை ஏற்ற இறக்கம், சுவர், மூட்டை. ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியாது. எங்கள் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் போன் இருந்தும் சாப்பாட்டு நேரம் ஒத்துப்போவதில்லை.

தூங்கப் போகும்போதும் அதே நினைப்பு.

ஜூன் 6, வெள்ளி

தெருவில் பெரிய ரகளை. ஐந்தாம் வகுப்பு முழுவதும் குழாயும் சாக்கட்டியுமாக இறங்கிவிட்டது. வேகமாக நடக்கிற அவர்கள் டீச்சர் முன்னால், பிள்ளைகள் பின்னால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி.

தெருக்கோடியில் கால்வாய்ப் பாலம் இருக்கிறது. அதன் தூணில் பழைய கறை ஒன்று. என்றைக்கோ வெள்ளம் வந்து நின்ற மட்டமாம். அந்தக் கறையில் குழாயின் ஒரு முனை, பக்கத்துச் சுவரில் மறுமுனை, ஒரு கோடு. அங்கிருந்து அடுத்த சுவர், இன்னொரு கோடு. இப்படியே தெரு நெடுக. தண்ணீர் மறுபடி அந்த அளவுக்கு ஏறினால் எந்த வீட்டில் எதுவரை நிற்கும் என்று காட்டுகிற கோடு. பூகோளத்தில் இதற்குப் பெயர் சமஉயரக் கோடு என்றாள் சில்வண்டு, மூச்சு விடாமல்.

தெருவின் மேல் கோடியில் பல் டாக்டர் வாசலில் கோடு கணுக்கால் உயரம். பாலத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற என் வாசலில்? ஜன்னல் திண்டு வரை! என் இடுப்பு! அதுவும் ஊரார் பார்க்க!

"இது என்ன கோணல் கோடு?" என்றேன். "அங்க காலுக்குக் கீழ, இங்க இடுப்புக்கு மேல. மாடு ஓட்டிட்டுப் போன மாதிரி இருக்கு."

"கோடு நேர்தான் அத்தை. தெருதான் கோணல்."

பல் டாக்டர் வாக்கிங் வந்தவர் நின்றார். "நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே கிடையாது" என்றார். எனக்கு அது போதும். இந்த வீட்டை நாங்கள் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. விற்றவரும் அப்படித்தான் சொன்னார்: "நல்ல மேடு, சொட்டுத் தண்ணி வராது." புதுப் பெயிண்ட் கூட அடித்துக் கொடுத்தார். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும், பளபளவென்று.

சில்வண்டு உள்ளே வந்து தரையில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கே தைக்க வேண்டிய சீருடைத் துணி அத்தனையும் அங்கேதான் கிடக்கிறது. "இதெல்லாம் கோட்டுக்கு மேல தூக்கி வைங்க அத்தை."

"போடி, பெரிய கலெக்டர்."

ஜூன் 7, சனி

ஒரு சின்ன வேலை செய்தேன். மதியம் தெருவே குறட்டை விடுகிற நேரத்தில் ஈரத்துணியால் என் வாசல் கோட்டைத் துடைத்துவிட்டு, கதவின் கீழ்த் தாழ்ப்பாள் உயரத்துக்கு இறக்கிப் போட்டேன். என் தொழில் சாக்கட்டி, என் தொழில் கண். பாவாடைக்கு ஓரம் குறிக்கும்போது என்ன செய்வோம்? தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றி வருவோம். அதுதான் நேர். இப்போது பார்க்கக் கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது.

பிள்ளைகளின் பிழையைத் திருத்தியதற்கு எனக்கு யாராவது நன்றி சொல்ல வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

ஐயோ.

இன்று சரிபார்க்கிற நாளாம். எனக்கு யார் சொன்னார்கள்? டாக்டர் வாசலில் ஆரம்பித்துத் திரும்பவும் பாலம் வரை அளந்து வந்தார்கள். போட்டது சரியென்றால் கோடுகள் ஒட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் ஒட்டியது. என் வாசலில் ஒட்டவில்லை. குழாய்த் தண்ணீர் ஜன்னல் திண்டில் நிற்கிறது, சாக்கட்டிக் கோடு தாழ்ப்பாளில் கிடக்கிறது.

என் வாசலை அன்றைக்கு அளந்தவள் சில்வண்டு.

டீச்சர் திட்டவில்லை. "குழாய்ல காத்துக் குமிழி இருந்திருக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். கூட வந்த ஒரு பொடியன் மட்டும், "சொந்த வீட்டையே தப்பா அளந்துட்டா!" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சில்வண்டு ஒன்றும் சொல்லவில்லை! குழாயை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் குமிழி தேடிக்கொண்டே நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். ஊசி கையில் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

சொல்லவில்லை. மூன்று சட்டை தைத்தேன், மூன்றிலும் காலர் கோணல்.

ஜூன் 11, புதன்

இன்று காலை அவள் மாடிப்படியிலேயே நின்று சொன்னாள்: "அத்தை, நீங்க வேற யார்கிட்டயாவது பாடம் கேட்டுக்கோங்க. எனக்கு அளக்கத் தெரியல."

அதற்கு மேல் தாங்குமா? பள்ளிக்கே போனேன். வகுப்பு வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், கோட்டை மாத்துனது நான்தான். காத்துக் குமிழி இல்ல, இந்தக் குமிழிதான்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. முந்தாநாள் பொடியன் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான்.

சில்வண்டு சிரிக்கவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டாள்:

"ஏன் அத்தை மாத்துனீங்க?"

"நேரா இருக்கட்டும்னுதான்."

"எதுக்கு நேரா?"

முப்பது வருடமாக நேராக வெட்டி, நேராகத் தைத்துப் பிழைக்கிறேன். எதுக்கு நேர் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. தரைக்கு நேர் என்றால் தரையே சாய்ந்திருந்தால்? அப்போது என் ஓரமும் சேர்ந்து சாயும், நான் அதைப் பார்த்து லட்சணம் என்பேன். இந்தக் குழாய்த் தண்ணீர் தரையைக் கேட்பதில்லை, சுவரைக் கேட்பதில்லை, என் கண்ணையும் கேட்பதில்லை. வேறு எதையோ கேட்டு நிற்கிறது.

வீடு வரை நடந்து வந்தேன். இரண்டு வருடமாக நடக்கிற தெரு. இன்றுதான் கால் சொன்னது, இறங்கிக்கொண்டே வருகிறேன் என்று.

ஜூன் 12, வியாழன்

பரிகாரம். சீருடை வெட்டியதில் மிஞ்சிய நீலத் துண்டுகளையெல்லாம் ஒன்றோடு ஒன்று தைத்து ஒரே நாடாவாக்கினேன். சாக்கட்டி யார் கை பட்டாலும் அழிந்துவிடும் (யார் கை என்று நான் சொல்லப் போவதில்லை). நாடா அழியாது. இரவு வண்டிக்குப் புறப்பட்ட தம்பி எட்டிப் பார்த்து, "இது யாருக்குக்கா, இவ்வளவு நீளமா?" என்றான்.

"தெருவுக்கு. ஓரம் அடிக்கிறேன்."

சில்வண்டு பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தாள். என் வாசல் கோட்டின் உயரத்திலிருந்து டாக்டர் வாசல் கோட்டின் உயரத்தைக் கழித்தால் தெரு எவ்வளவு இறங்குகிறது என்று வருமாம். வந்தது. என் கழுத்தில் தொங்கும் டேப்பில் பாதிக்கும் கொஞ்சம் கூடுதல். அவ்வளவு பெரிய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு மேட்டுக்காரி என்று மினுக்கியிருக்கிறேன்!

ஜூன் 14, சனி

பகிர்வு நாள். பாலத்திலிருந்து டாக்டர் வீடு வரை கேட், கம்பி, மரம், தூண் எல்லாவற்றிலும் கோட்டின் மட்டத்திலேயே நீல நாடா. மளிகைக்காரரை ஒரு பிள்ளை எழுப்பி நிறுத்தியது. ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று வரைந்த தெரு வரைபடத்தில் தன் கடையைக் கண்டுபிடிக்கச் சொன்னது. கண்டுபிடித்தார். "இத்துனூண்டு கடைக்குத்தான் இவ்வளவு வரியா?" என்றார்.

என் முறை. குழாயைப் பிடித்தேன், தண்ணீர் கொட்டாமல் முனையை அடைக்கிற கட்டைவிரலை எப்போது எடுக்க வேண்டும் என்று சொன்னேன், சமஉயரக் கோடு என்றால் என்ன என்று சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் முழித்தேன். சில்வண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்: கழித்தல். மானம் தப்பியது.

முடித்ததும் பல் டாக்டர் கேட்டார்: "எல்லாம் சரிங்க. ஆனா இத்தனை வருஷத்துல நான் தண்ணியே பார்த்ததில்லையே?"

சில்வண்டுதான் பதில் சொன்னாள். "உங்க வீட்டுலேர்ந்து பார்த்தா தெரியாது டாக்டர் மாமா. நீங்க மேல இருக்கீங்க."

டாக்டர் குனிந்து தன் கணுக்கால் நாடாவைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கித் தெரு நெடுக என் வாசல் வரை பார்த்தார். அந்த மாதிரி அவர் யார் வாயையும் பார்த்திருக்க மாட்டார்.

டீச்சர் கேட்டார்: "கத்துக்கிட்டதை வச்சு என்ன செய்யப் போறீங்க?" எல்லார் முன்னாலும் வாய் விட்டுவிட்டேன், மூட்டைகளை மேலே ஏற்றுவதாக.

ஜூன் 16, திங்கள்

ஏற்றியாயிற்று. தம்பி, தம்பி மனைவி, நான். மெஷினும் மாடிக்கு. இடுப்பு போயிற்று. வானம் வெளுத்துக் கிடக்கிறது, ஒரு மேகம் கிடையாது. தம்பி படியில் உட்கார்ந்து, "அஞ்சாங்கிளாஸ் பேச்சைக் கேட்டு..." என்று ஆரம்பித்தான். முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.

ஜூன் 18, புதன்

மழை. நிற்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

கால்வாய் தெருவுக்கு வந்துவிட்டது. மாடியிலிருந்து எழுதுகிறேன். கரண்ட் இல்லை. எல்லோரும் மேலேதான் இருக்கிறோம், மூட்டைகளோடு, மூச்சு விட இடமில்லாமல். கீழே என் தையலறையில் தண்ணீர் நிற்கிறது. கதவின் கீழ்த் தாழ்ப்பாள் தெரியவில்லை. நான் 'திருத்தி'ப் போட்ட கோடு தண்ணீருக்கு அடியில் எங்கோ.

நாடாவை இன்னும் தொடவில்லை.

சில்வண்டு ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். "பயமா இருக்காடி?" என்றேன். "இருக்கு. ஆனா பார்க்கணும்" என்றாள். எனக்கும் அதேதான்.

ஜூன் 20, வெள்ளி

மழை விட்டது. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கண்ணாடி மாதிரி நிற்கிறது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு டேப்போடு இறங்கினேன். சில்வண்டு ஜன்னலில்.

என் வாசலில் தண்ணீருக்கும் நாடாவுக்கும் நடுவே அளந்தேன். ஒரு சாண். என் டேப்பில் ஏழரை அங்குலம். அடுத்த வீட்டு கேட்டில் அளந்தேன். ஏழரை. மளிகைக் கடைத் தூணில். ஏழரை. தண்ணீருக்குள் நின்றபடி எனக்கு உடம்பு சிலிர்த்தது, குளிரால் இல்லை. "எவ்வளவு அத்தை?" என்று அவள் கத்துகிறாள், நான் "ஏழரை!" என்று கத்துகிறேன், மறுபடி "எவ்வளவு?", மறுபடி "ஏழரை!" பார்த்தவர்கள் எங்களுக்குப் பிடித்திருப்பது சனி என்று நினைத்திருப்பார்கள்.

தெரு நெடுக, மரமோ கம்பியோ சுவரோ, அதே இடைவெளி. நான் தைத்த எந்த ஓரமும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. பத்து வயதுப் பிள்ளைகள், ஒரு குழாய், கொஞ்சம் மை. இவ்வளவு பெரிய தண்ணீர், யாருக்கும் அடங்காதது, அவர்கள் சொன்ன கோட்டுக்குக் கீழே கைகட்டிக்கொண்டு நிற்கிறது.

தண்ணீர் முடிகிற இடம் வரை போனோம். அங்கே நாடா தரையிலிருந்து எவ்வளவு உயரம்? நான் அளக்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த விளிம்பில் பல் டாக்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தே இருந்தது. என் வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்த ஒரே நக்கல் அதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

மெஷின் கீழே வந்தாயிற்று, மேடை போட்டு உயர்த்தி. சீருடைகள் பள்ளிக்குப் போய்விட்டன. ஒரு துணிகூட நனையவில்லை.

இன்று பெயிண்டர் வந்தார். வெளிச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கறை. "கீழ்ப்பாதிக்கு மட்டும் பளபளப்பா அடிச்சுடலாம்க்கா, ஒண்ணும் தெரியாது" என்றார். தெரியக்கூடாது என்றுதானே முன்னால் இருந்தவரும் அடித்தார். கறை அப்படியே இருக்கட்டும், மேலே மட்டும் அடியுங்கள் என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தார். "இருக்கட்டும்க்கா. ஆனா கறையே கோணலா இருக்கே?"

மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தது.

"எதுக்குக் கோணல்?" என்று நான் கேட்டேன்.